பேச்சுத் துணைக்கருவி: யாருக்குப் பரீட்சை?

பரீட்சை என்று நாம் வழங்கும் காரியம் அனைத்தும், கேட்பவர் கேட்டால் விடை அறிந்தவர் அதை வாயாலோ கையாலோ தெரிவித்துவிடுவார் என்ற ஒரே நம்பிக்கையின் மேல் எழுப்பப்பட்டிருக்கிறது. வாய் திறந்தால் சொல் எழவில்லை, எழுதுகோலைப் பிடிக்கக் கை வசப்படவில்லை, விரலை நீட்டினாலும் அது எண்ணிய இடத்தில் சென்று நிற்பதில்லை என்ற நிலையிலுள்ள ஒரு குழந்தையை எதிரே உட்கார வைத்து, இதற்கு எவ்வளவு விளங்குகிறது, எந்தச் சாதனத்தைக் கொடுத்தால் இது தன் மனத்திலுள்ளதைப் பிறருக்குத் தெரிவிக்கும் என்று தீர்மானிக்க முற்படும்போது அந்த நம்பிக்கை அடியோடு சரிந்துவிடுகிறது. விடை வராததற்குக் காரணம் விஷயம் தெரியாமையா, தெரிந்ததைத் தெரிவிக்க வழியில்லாமையா என்பதைச் சாதாரணப் பரீட்சை எதனாலும் பிரித்தறிய முடியாது. பேச்சுத் துணைக்கருவிகளை ஆராய்ந்து தேர்ந்து கொடுப்பதற்கென்று சென்ற ஐம்பது ஆண்டுகளாக வளர்ந்துவந்திருக்கும் மதிப்பீட்டு முறையின் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு சிக்கலை அவிழ்க்க முயன்று, சில சமயம் அவிழ்த்தும், சில சமயம் இன்னும் இறுக்கியும் வந்த சரித்திரமேயாகும்.

பேச்சு வராமைக்குக் காரணங்கள் பல. பிறப்பை ஒட்டி மூளைக்கு நேர்ந்த சேதத்தால் தசைகள் ஏவியபடி இயங்காத மூளை முடக்குவாதம் ஒன்று, ஆட்டிசம் மற்றொன்று. பக்கவாதத்துக்குப் பின் சொற்களே அகப்படாமல் நழுவிப்போகும் அஃபேசியா உண்டு. அறிவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்க, உடல் மட்டும் ஒவ்வோர் அங்கமாக ஓய்ந்துகொண்டு வரும் மோட்டார் நியூரான் நோய் உண்டு. புற்றுநோயின் பொருட்டுக் குரல்வளையை அகற்றும் சத்திர சிகிச்சையும் உண்டு. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களுள் பேச்சுக் குறைபாடு உடையவர்கள் என்று பதிவானவர்கள் ஏறத்தாழ 20 லட்சம். கையும் காலும் வாயும் ஒருங்கே முடங்கிய ஒருவரை அந்தக் கணக்கு இயக்கக் குறைபாட்டின் கீழோ பலவகைக் குறைபாட்டின் கீழோ எழுதியிருக்கக்கூடும் என்பதை நினைத்தால், உண்மையில் துணை வேண்டுபவர்களின் தொகை இதனினும் பெரிது என்றே கொள்ளவேண்டும். இவர்களுக்குத் துணையாக வருபவை, அட்டையில் ஒட்டிய படங்கள் முதல், பார்வை திரையின் எவ்விடத்தில் விழுகிறதென்று கண்டு அங்குள்ள சொல்லைக் குரலாக ஒலிக்கும் கணினி வரையில் பலதரப்பட்டவை.

அவற்றுள் மிகப் பழமையானவற்றில் ஒன்றாகச் சொல்லப்படுவது, 1920-களில் அமெரிக்காவின் மினசோட்டா மாகாணத்தில் எஃப். ஹால் ரோ என்பவர் உபயோகித்த எழுத்துப் பலகை. 1960-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் ரெஜ் மாலிங் என்பவர், கைகால் அசையாதவர்கள் ஒரு குழாயில் ஊதியும் உறிஞ்சியும் தட்டச்சு யந்திரத்தை இயக்குவதற்கு வழி செய்தார். ஆனால் மதிப்பீட்டைப் பற்றி நினைப்பவர்களுக்கு இவ்விரண்டினும் அதிகமாகப் போதிப்பது டொராண்டோ நகரத்துச் சம்பவம். ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்தில் 1897-இல் பிறந்து, நாஜிகளின் டாக்கௌ, புக்கன்வால்ட் முகாம்களில் சிறைப்பட்டு மீண்டு, ஷாங்காயில் அகதியாக வாழ்ந்தபோது சீன எழுத்துக்களைக் கண்டு வியந்து, மொழி வேற்றுமை கடந்து மக்கள் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்வதற்கென்று ஒரு சித்திர எழுத்து முறையைப் படைத்த சார்லஸ் பிளிஸ், 1949-இல் தம் நூலை ஆஸ்திரேலியாவில் வெளியிட்டபோது அதை மதித்தவர்கள் மிகச் சிலர். 1971-இல், டொராண்டோவில் உடற்குறையுள்ள குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றில் ஆசிரியையாக இருந்த ஷெர்லி மெக்நாட்டன், எழுத்தறியாத, பேச வராத தம் மாணவர்களுக்கு வேறு வழி தேடிக்கொண்டிருந்த சமயத்தில், அந்த முறை கண்ணில் பட்டது. சோறு, தண்ணீர், கழிப்பறை என்று பிறர் வரைந்து வைத்த சில படங்களைக் காட்டுவதற்கு மேல் வாய்ப்பே இல்லாதிருந்த அப்பிள்ளைகள், குறியீடுகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தாமாகவே கருத்துக்களை அமைக்கத் தொடங்கினார்கள். படங்களை மட்டும் வைத்து முந்திய நாள் வரையில் அவர்களை அளந்தவர்கள், தாங்கள் கண்டது பிள்ளைகளின் எல்லை என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். அது படப்பலகையின் எல்லையாக இருந்தது.

இந்த உண்மையை நிபுணர்கள் எல்லோரும் உடனே கிரகித்துக்கொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும், கருவி கொடுப்பதற்கு முன் குழந்தையின் தகுதியை நிர்ணயிக்கவேண்டும் என்ற கொள்கை வேரூன்றியிருந்தது. குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ழான் பியாஜே பருவம் பருவமாகப் பிரித்துக் காட்டியதை ஆதாரமாகக் கொண்டு, கண்ணுக்கு மறைந்த பொருளும் ஓரிடத்தில் இருக்கவே செய்கிறதென்று உணர்வது, ஒன்றைச் சாதனமாக்கி இன்னொன்றை அடைவது முதலிய படிகளை ஏறிக் கடந்த குழந்தைக்கே குறியீடுகள் விளங்கும் என்றும், அதற்கு முன்னர்க் கருவியைக் கொடுப்பது வீண் சிரமமே என்றும் வாதித்தார்கள். அந்தப் படிகளைக் கடந்ததற்கு அத்தாட்சி தரவேண்டிய குழந்தையோ, துணிக்கடியில் ஒளித்த பொம்மையைத் தேடி எடுக்கக் கை வசப்படாத குழந்தை. பேசக்கூடிய குழந்தையிடம் எந்தத் தாயும் இவ்விதம் தகுதி பார்த்துவிட்டுப் பேசத் தொடங்குவதில்லை. ஒரு சொல்லும் விளங்காத பச்சிளம் பருவத்திலேயே ஆயிரம் சொல்லைக் கொட்டிக் கொஞ்சுகிறாள், அந்தக் கொஞ்சலைக் கேட்டே குழந்தைக்குப் பேச்சு விளங்குகிறது. பேசமுடியாத குழந்தைக்கு மட்டும், பேசுவதற்குரிய சாதனம் கைக்கு வரும் முன்பே பேச்சின் பலன்களையெல்லாம் காட்டிவிட வேண்டும் என்று விதித்தது எவ்வளவு பெரிய அநீதி என்பதைக் காங்கஸ், லாய்ட் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 1988-இல் வெளியிட்ட கட்டுரை எடுத்துக்காட்டியது. அறிவின் சில படிகளும் மொழியின் சில படிகளும் குழந்தைகளிடம் ஏறக்குறைய ஒரே காலத்தில் தோன்றுகின்றன என்பதால் முன்னது இல்லாமல் பின்னது வராது என்று ஆகிவிடாது என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். இவ்வளவு எளிய தர்க்கம் நிலைபெறுவதற்குள் எத்தனையோ குழந்தைகளின் பால்யம் காத்திருப்பிலேயே கழிந்து போயிற்று.

பெற்றோரின் தயக்கம் வேறு வகையானது. படமும் யந்திரமும் கொடுத்துவிட்டால் குழந்தை அதிலேயே சாய்ந்துகொண்டு, வரவிருக்கும் பேச்சும் வராமல் போய்விடுமே என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தைப் பரிகசிப்பது தகாது. தன் குழந்தை 'அம்மா' என்று அழைப்பதைக் கேட்கக் காத்திருக்கும் உள்ளத்தில் பிறந்த அச்சம் அது. ஆயினும் ஆராய்ச்சி அதற்கு விடை கூறிவிட்டது. மில்லர், லைட், ஷ்லாஸர் ஆகிய மூவர் 2006-இல் வெளியிட்ட தொகுப்பாராய்ச்சியில், நம்பத்தகுந்த சோதனை முறைப்படி ஆராயப்பட்டிருந்த 27 பேருள் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 89 சதவீதத்தினருக்குச் சிறிதளவேனும் வளர்ந்தது. எஞ்சியவர்களுக்கு இருந்தபடி இருந்தது. வளர்ச்சி பலருக்கு அற்பமே என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். கருவி பேச்சை வரவழைத்துவிடும் என்று ஆசை காட்டுவதும் நேர்மையாகாது. கருவியைக் கொடுக்கத் தயங்குவதற்கு அந்த அச்சம் காரணமாகாது என்பதே பெறப்படுவது.

தெளிவான அத்தாட்சி இல்லாதபோது எந்த அனுமானத்தைக் கைக்கொள்வது என்ற கேள்விக்கு ஆன் டானலன் என்ற கல்வியியல் அறிஞர் 1984-இல் ஒரு நியாயம் வகுத்தார். நம் அனுமானம் பிழையாகிவிட்டால் யாருக்கு எவ்வளவு தீங்கு விளையும் என்று பார்த்து, மிகக் குறைந்த தீங்கு விளைவிக்கும் அனுமானத்தையே மேற்கொள்ள வேண்டும் என்பது அது. விளங்கும் என்று நம்பிக் கருவி கொடுத்து, பின்னர் விளங்கவில்லை என்று தெரியவந்தால் சிறிது பொருளும் காலமும் நஷ்டம். விளங்காது என்று தீர்மானித்துக் கொடுக்காமல் விட்டு, உண்மையில் விளங்கியிருந்ததென்றால் ஒரு வாழ்நாளே நஷ்டம். மதிப்பீட்டுத் துறையில் இதனினும் உயர்ந்த விதியை நான் அறியேன்.

இனி மதிப்பீடு நடைபெறும் முறைக்கு வருவோம். மனத்தை அளப்பதற்கு முன் உடலை அமர்த்த வேண்டும் என்பதை அனுபவமுள்ள ஸ்பீச் தெரபிஸ்டுகள் முதற் பாடமாகக் கொள்வார்கள். இடுப்பு நழுவிக்கொண்டே இருக்கும் நாற்காலியில், விழுந்துவிடாமல் இருப்பதற்கே தன் பலம் முழுவதையும் செலவிட்டுக்கொண்டிருக்கும் குழந்தையிடம் படத்தைக் காட்டிக் கேள்வி கேட்பதில் பயனில்லை. ஆதலால் பிஸியோதெரபிஸ்டும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் உடனிருந்து, முதுகும் பாதமும் தாங்கப்பெற்று, தலை நிமிர்ந்து நிற்கும்படி செய்த பின்பே ஆராய்ச்சி தொடங்கவேண்டும். கேள்விப் புலனும் பார்வையும் முன்னதாகச் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகு, அக்குழந்தை தன் இஷ்டப்படி, மீண்டும் மீண்டும், களைப்பின்றிச் செய்யக்கூடிய அசைவு எது என்று தேடுகிறார்கள். அது ஒரு விரலாக இருக்கலாம், முழங்கையாக இருக்கலாம், கன்னமாகவோ கண்ணிமையாகவோ இருக்கலாம். ஒரே ஓர் அசைவு கிடைத்துவிட்டால் போதும், அதைக்கொண்டு ஒரு ஸ்விட்சை அழுத்தி, வரிசையாக ஒளிர்ந்துகொண்டு போகும் கட்டங்களில் வேண்டியது வரும்போது நிறுத்த முடியும்.

இங்கே ஏமாற்றங்கள் பல உண்டு. மூளை முடக்குவாதமுள்ள சில குழந்தைகளுக்கு, தலையை ஒரு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கத்துக் கை தானாக நீளவும் மற்றக் கை மடங்கவும் செய்யும் சிசுப்பருவத்து அனிச்சைச் செயல் நீங்காமலே இருந்துவிடுகிறது. வலப்பக்கம் வைத்த படத்தைக் குழந்தை பார்க்கிறது, அதன் கையும் நீள்கிறது. அது தெரிவு செய்துவிட்டது என்று நாம் மகிழ்கிறோம். நீட்டியது குழந்தையா, அதன் நரம்பா என்று அறிவதற்குப் படங்களை இடம் மாற்றி, மேலும் கீழுமாக வைத்து, பல நாட்களில் பல வேளைகளில் பார்த்தாக வேண்டும். 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டும் நிச்சயமாகக் கிடைக்கின்றனவா என்பதை நிறுவுவதற்கே சில குழந்தைகளிடம் வாரக்கணக்கில் செல்லும். ஒரு காலை வேளையில் ஓர் அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதிய அறிக்கையை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது என்று இதனாலேயே சொல்லுகிறோம்.

எவ்வளவு விளங்குகிறது என்பதை அளப்பதற்குரிய பரீட்சைகள் நெடுங்காலம் வரையில் கை நீட்டக்கூடிய, பொம்மையை எடுத்து வைக்கக்கூடிய குழந்தைகளுக்கென்றே செய்யப்பட்டிருந்தன. நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் யோஹன்னா கெய்டன்பீக் என்பவரும் அவருடைய குழுவினரும், பேச்சும் கையசைவும் மிகக் குறைந்த குழந்தைகளுக்கென்றே கணினி வழியான ஒரு பரீட்சையை வகுத்தார்கள். திரையில் படங்கள் தோன்றும். குழந்தை தன் கண்ணாலோ ஸ்விட்சாலோ தலையாலோ, எதனால் முடியுமோ அதனால், கேட்ட சொல்லுக்குரிய படத்தைத் தெரிவு செய்யும். இதில் போற்றத்தக்கது, விடை தரும் வழியைக் குழந்தையின் உடலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு கேள்வியின் தரத்தை மாற்றாமல் வைத்திருப்பது. பேசும் குழந்தைகளிடமும் அதே பரீட்சையை நடத்தி, எந்த வயதில் எவ்வளவு விளங்கும் என்ற அளவும் எடுத்திருக்கிறார்கள்.

நோய் மாறினால் மதிப்பீட்டின் நோக்கமும் மாறுகிறது. மோட்டார் நியூரான் நோய் கண்டவருக்குக் காலமே எதிரி. பேச்சின் வேகம் நிமிஷத்துக்கு 125 சொற்கள் என்ற அளவுக்கு இறங்கும்போதே கருவிக்கான ஏற்பாட்டைத் தொடங்கிவிட வேண்டும் என்று அமெரிக்க நிபுணர்கள் அறிவுறுத்துகிறார்கள். வேகம் அவ்வளவுக்குக் குறைந்த பின் சொல் விளங்காமற்போவது பெரும்பாலும் விரைவில் நேர்ந்துவிடுகிறது. பக்கவாதத்தால் சொல்லிழந்தவருக்கோ எழுத்துப் பலகை உதவுவது அரிது. சொல் போனபோது எழுத்தும் கூடவே போயிருக்கும். தம் வீட்டாரும் தம் ஊரும் தம் கல்யாணமும் அடங்கிய புகைப்படங்கள் அவருக்கு வழிகாட்டும்.

கருவிகளின் சிறப்பை வேகத்தைக் கொண்டு அளக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. இயல்பான பேச்சு நிமிஷத்துக்கு 150 சொற்களுக்குக் குறையாமல் ஓடுகையில், துணைக்கருவியால் பேசுபவர்கள் பெரும்பாலும் 15 சொற்களைக்கூட எட்டுவதில்லை. மோட்டார் நியூரான் நோயுற்ற விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் 1985-இல் தொண்டையில் துளையிடும் சிகிச்சையால் எஞ்சியிருந்த பேச்சையும் இழந்தபின், வால்டர் வால்டோஸ் என்பவர் தம் மாமியாருக்காக ஆக்கியிருந்த கணினி ஏற்பாட்டைப் பெற்று, கையில் பிடித்த ஸ்விட்சால் நிமிஷத்துக்குச் சுமார் 15 சொற்கள் வரை அமைத்தார். பிற்காலத்தில் கன்னத்துத் தசையின் அசைவே துணையாக எஞ்சியபோது அது நிமிஷத்துக்கு ஒரு சொல் என்ற அளவுக்கு இறங்கிற்று. பிரெஞ்சுப் பத்திரிகாசிரியர் ழான்-தொமினிக் போபி 1995-இல் மூளையின் அடித்தண்டில் ஏற்பட்ட தாக்குதலால் இடது கண்ணிமை ஒன்றைத் தவிர எதையும் அசைக்க முடியாதவரானார். பிரெஞ்சு மொழியில் அதிகமாக வரும் எழுத்து முதலில் வரும்படி வரிசைப்படுத்திய அட்டவணையை ஒருவர் வாசித்துக்கொண்டே போக, வேண்டிய எழுத்தில் இமை கொட்டி அவர் ஒரு புத்தகத்தையே எழுதி முடித்தார். அது 1997-இல் வெளிவந்த சில நாட்களுக்குள் அவர் காலமானார். அவருடைய சாதனம் ஒரு தாளும், அருகில் பொறுமையோடு உட்கார்ந்திருந்த ஒருவருமே. வேகம் ஒன்றையே கருதியிருந்தால் இம்முறையை எந்த மதிப்பீட்டாளரும் சிபாரிசு செய்திருக்க மாட்டார். ஹாக்கிங்கும், நயமான புதுக் குரல்கள் வந்த பின்னரும் பழைய யந்திரக் குரலை விடாமல் வைத்துக்கொண்டார். அது அவருடைய குரலாகிவிட்டிருந்தது. எந்த அட்டவணையிலும் ஏறாத இவ்விஷயங்களைத்தான் மதிப்பீட்டாளர் கேட்டறிய வேண்டும்.

பேச்சு எதற்காக என்று கேட்டால் தேவைகளைச் சொல்வதற்கு என்று சட்டென்று விடை கூறிவிடுகிறோம். ஜானிஸ் லைட் என்ற அறிஞர் 1988-இல் பேச்சின் நோக்கங்களை நான்காக வகுத்தார்: வேண்டியதைக் கேட்பது, செய்தியைப் பரிமாறுவது, நெருக்கத்தை வளர்ப்பது, மரியாதை வழக்கங்களைப் பேணுவது. நாம் கொடுக்கும் பலகைகளில் முதலாவதற்குரிய படங்களே நிறைந்திருக்கின்றன. வம்பளக்கவும், கோபித்துக்கொள்ளவும், அண்ணன் செய்த குறும்பை அம்மாவிடம் போட்டுக் கொடுக்கவும், ஒரு பொய்யைச் சொல்லிப் பார்க்கவும் சொற்கள் இல்லாத பலகையை வைத்துக்கொண்டு, 'இக்குழந்தைக்குப் பிறரோடு பேச ஆர்வமில்லை' என்று எழுதுவது எந்த நியாயத்தில் சேரும்?

அதே லைட், கோலியர், பார்ன்ஸ் என்ற இருவரோடு சேர்ந்து 1985-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையில் ஒரு திருப்பம். நான்கு முதல் ஆறு வயது வரையிலான, பேச வராத எட்டுக் குழந்தைகள் தம்மை வளர்ப்பவர்களோடு விளையாடுவதைப் பதிவு செய்து பார்த்தபோது, உரையாடலைத் தொடங்குபவர்களும் விஷயத்தை மாற்றுபவர்களும் பெரும்பாலும் பெரியவர்களாகவே இருந்தார்கள். குழந்தைகள் கேட்டதற்கு விடையளிப்பவர்களாகவே ஒதுங்கியிருந்தார்கள். அன்பில் குறை ஒன்றுமில்லை. குழந்தை தன் விடையைத் தேடி எடுப்பதற்குள் மௌனம் பொறுக்காமல் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறோம் என்பதே குறை. ஆகவே குழந்தையையும் கருவியையும் மட்டும் அளப்பது அரைகுறை ஆராய்ச்சி. எதிரே உட்கார்ந்திருப்பவர் எத்தனை விநாடி காத்திருக்கிறார், 'ஆம்-இல்லை' என்பதற்கு மேற்பட்ட கேள்வி கேட்கிறாரா, தாமும் அந்தப் பலகையைத் தொட்டுக் காட்டிப் பேசுகிறாரா என்பவற்றையும் எழுதியாக வேண்டும். பியூகல்மன், மிரெண்டா என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் பரப்பிய மதிப்பீட்டு முறையில், ஒருவரின் உடலிலும் அறிவிலும் உள்ள தடைகளுக்குச் சமமாக, சுற்றியிருப்பவர்களின் மனப்பான்மையிலும், பள்ளியின் வழக்கத்திலும், விதிமுறைகளிலும் உள்ள தடைகளை ஆராயும்படி சொல்லியிருப்பது இதனால்தான். வகுப்பில் சப்தம் கூடாதென்று கருவியைப் பைக்குள் வைக்கச் சொல்லும் பள்ளியில் எத்தனை விலையுயர்ந்த கருவியாலும் பயனில்லை.

இனி நான் கூறப்போவது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். திறமையை முன்கூட்டியே நம்பு என்ற விதியைப் போற்றினேன். அவ்விதி எல்லை கடந்தபோது நேர்ந்த விபரீதத்தையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் தோன்றி 1990-ஐ ஒட்டி அமெரிக்காவில் வேகமாகப் பரவிய ஒரு முறையில், உதவியாளர் ஒருவர் ஆட்டிசமுள்ளவரின் கையையோ மணிக்கட்டையோ தாங்கிப் பிடித்துக்கொள்ள, அவர் எழுத்துக்களைத் தட்டினார். அதுவரை ஒரு சொல்லும் சொல்லாத பிள்ளைகள் கவிதை எழுதுவதாகவும், தத்துவம் பேசுவதாகவும் செய்திகள் வந்தன. பெற்றோர்கள் ஆனந்தக் கண்ணீர் வடித்தார்கள். சில பிள்ளைகள் தங்கள் வீட்டாரின் மேல் கொடிய குற்றங்களைச் சாட்டியதாகவும் எழுத்தில் வந்தபோது, இவை யாருடைய சொற்கள் என்று நீதிமன்றங்கள் கேட்கவேண்டியதாயிற்று. நியூயார்க் மாகாணத்து நிலையம் ஒன்றில் 12 பேரை வைத்து நடத்தி 1993-இல் வெளியான சோதனையில், பிள்ளைக்கு ஒரு படமும் உதவியாளருக்கு வேறொரு படமும், ஒருவர் கண்டது மற்றவருக்குத் தெரியாதபடி காட்டினார்கள். தட்டச்சில் பிள்ளை மட்டும் கண்ட படத்தின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. உதவியாளர் கண்டதன் பெயர் வந்தது. உதவியாளர்கள் வஞ்சகர்கள் அல்லர். தம் கையே எழுதியதென்பதை அவர்களே அறியாதிருந்தார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் 1994-இல் இம்முறைக்கு விஞ்ஞான ஆதாரமில்லை என்று தீர்மானித்தது.

இதிலிருந்து, பேச வராதவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டுவது மகா பாவம். கருவி கொடுப்பதில் தாராளமும், வந்த சொல் யாருடையது என்று நிச்சயிப்பதில் கடுமையும் ஒருங்கே வேண்டும் என்பதே இதிலிருந்து நான் பெறும் முடிவு. போபியின் உதவியாளர் எழுத்துக்களை வாசித்தார், ஆனால் இமையை அவர் கொட்டவில்லை. மூன்றாமவர் ஒருவர் நின்று பார்த்தாலும் தெரிவு செய்தவர் யார் என்பது விளங்கும். அந்த நிச்சயம் இல்லாத முறை, ஒருவருக்குப் பேச்சைக் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு, எஞ்சியிருந்த மௌனத்தையும் அவரிடமிருந்து பறித்துப் பிறருடைய சொற்களால் நிரப்பிவிடுகிறது.

தமிழ் பேசும் வீட்டுக் குழந்தையை மதிப்பிடுவதில் இவை யாவற்றோடும் வேறு சில சிக்கல்களும் கூடுகின்றன. சென்னையில் 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கி, இன்று வித்யாசாகர் என்று வழங்கும் நிறுவனம் பேச வராத குழந்தைகளுக்குத் துணைக்கருவிகளைப் பழக்குவதில் நெடுங்காலமாக உழைத்துவருகிறது. அதன் ஒத்துழைப்போடு, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணனின் இன்வென்ஷன் லாப்ஸ் 2010-இல் அவாஸ் என்ற கருவியை உருவாக்கியது. தனிக் கருவியாகத் தொடங்கிப் பின்னர் டேப்லட்டில் இயங்கும் செயலியாகி, தமிழ் உட்பட இந்திய மொழிகளிலும் பேசுகிறது. இப்படியொரு சாதனம் நம் ஊரிலேயே பிறந்தது பெருமைக்குரியது. ஆயினும் கருவி தமிழில் பேசுவதனாலேயே மதிப்பீடும் தமிழுக்கு ஏற்றதாகிவிடாது.

எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஸ்விட்சை மட்டும் அழுத்தக்கூடிய ஒருவருக்காக 247 எழுத்துக்களையும் விநாடிக்கு ஒன்றாக ஒளிரச் செய்தால், ஓர் எழுத்தை அடைவதற்குச் சராசரியாக இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். முதலில் மெய்யின் வரிசையையும் பின்னர் அதில் ஏறும் உயிரையும் தெரிவு செய்யும்படி அடுக்கினால் அது 17 விநாடியளவுக்கு இறங்கும். 'அம்மா' என்று மூன்றெழுத்தைக் கூட்டுவதற்கு அப்போதும் முக்கால் நிமிஷத்துக்கு மேலாகும். போபியின் அட்டவணையைப்போலப் அடிக்கடி வரும் எழுத்துக்களை முன்னே நிறுத்தினால் இன்னும் குறையும். ஆனால் எவை மிகுதியாக வருகின்றன என்பதைப் புத்தகத் தமிழைக்கொண்டு எண்ணாமல், வீட்டில் பேசும் தமிழைக்கொண்டு எண்ண வேண்டும். இரண்டும் வேறு வேறு கணக்கு.

சொல்லில் இதைவிடப் பெரிய இடர் காத்திருக்கிறது. ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு அமைத்த கட்டங்களில் ஒரு படத்துக்கு ஒரு சொல். சொற்களை வரிசையில் வைத்தால் பெரும்பாலும் வாக்கியமாகிவிடும். தமிழிலோ 'போ' என்ற ஒரு படம் 'போறேன்', 'போகலை', 'போலாமா', 'போகணும்', 'போங்க' என்றெல்லாம் உருமாறினால்தான் பேச்சாகும். 'கடை' என்பது 'கடைக்கு' என்று ஆகவேண்டும். விகுதிகளையும் வேற்றுமை உருபுகளையும் ஏற்றுவதற்கு இலகுவான வழியில்லாத கருவியில் குழந்தை 'நான் கடை போ' என்று தட்டுகிறது. அதைக் கண்டு மொழி வளர்ச்சி குன்றியதென்று அறிக்கையில் எழுதினால், கருவியின் குறை குழந்தையின் குறையாகப் பதிவாகிவிடுகிறது. பாட்டியை 'வா' என்று மட்டுமே அழைக்கத் தெரிந்த யந்திரத்தால் குழந்தைக்கு மரியாதை தெரியவில்லை என்ற பெயரும் வரலாம். எழுத்து நடையில் 'எனக்குப் பசிக்கிறது' என்று ஒலிக்கும் குரலோடு விளையாட்டு மைதானத்தில் நிற்கும் சிறுவனைத் தோழர்கள் வேற்றாளாகவே பார்ப்பார்கள். தமிழ்க் குழந்தைகள் எந்த வயதில் எந்தச் சொற்களை மிகுதியாகப் பேசுகிறார்கள் என்ற விரிவான கணக்கும், கையும் வாயும் வசப்படாத தமிழ்க் குழந்தைக்கென்றே தரப்படுத்திய ஒரு பரீட்சையும், மைசூரில் 1965-இல் தோன்றிய அகில இந்தியப் பேச்சு-கேள்வி நிலையம், சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலுள்ள பலவகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிலையம் போன்றவை கைக்கொள்ளத்தக்க பெரும் பணிகள்.

சட்டத்தின் துணைக்குக் குறைவில்லை. ஐக்கிய நாடுகளின் 2006-ஆம் ஆண்டு உடன்படிக்கையும், அதையொட்டிப் பிறந்த இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், பேச்சுக்குத் துணையும் மாற்றுமான வழிகளைக் கருத்துப் பரிமாற்றம் என்ற வரையறைக்குள்ளேயே அடக்கியிருக்கின்றன. ஆனால் கொடுத்த கருவி உபயோகத்தில் நிலைக்கிறதா என்பதைச் சட்டம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சக்கர நாற்காலி முதலிய பலவகைச் சாதனங்களைப் பெற்ற 227 பேரை விசாரித்து அமெரிக்காவில் பிலிப்ஸ், ஜாவோ இருவரும் 1993-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 29.3 சதவீதச் சாதனங்கள் கைவிடப்பட்டிருந்தன. அதற்கு அவர்கள் கண்ட காரணங்களுள் முக்கியமான ஒன்று, தேர்ந்தெடுக்கும்போது உபயோகிப்பவருடைய அபிப்பிராயத்தைக் கேளாமை.

கருவியைக் கையில் கொடுத்த நாளை மதிப்பீட்டின் முடிவாகக் கருதும் வழக்கம் ஒழிய வேண்டும். சில வாரங்கள் இரவலாகக் கொடுத்து வீட்டிலும் பள்ளியிலும் பழக விட்டுப் பார்ப்பதும், ஆறு மாதம் கழித்து மீண்டும் போய்ப் பார்ப்பதும் அறிக்கையின் பகுதிகளாக வேண்டும். மின்சாரம் போன இரவில் பேசுவதற்கு அதே சொற்கள் அதே இடங்களில் அமைந்த ஒரு காகிதப் பலகையைக் கூடவே கொடுத்திருக்கிறார்களா, புதிய வகுப்புக்குப் போன குழந்தைக்குப் புதிய சொற்களை ஏற்றுபவர் யார், சென்ற வாரத்தில் வீட்டாரைத் தவிர வேறு எவரோடு அது பேசிற்று, எத்தனை முறை உரையாடலைத் தானே தொடங்கிற்று என்று கேட்க வேண்டும். இக்கேள்விகளைத் தாயிடமும் ஆசிரியரிடமும் கேட்பதோடு நில்லாமல் குழந்தையிடமும் கேட்க வேண்டும். அதற்கு, 'இது மெதுவாகப் போகிறது', 'இந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை', 'நான் சொல்ல வந்தது இதில் இல்லை', 'வேறு கொடுங்கள்' என்ற சொற்களை முதல் நாளே அந்தக் கருவியில் ஏற்றிவைத்துக் கொடுத்திருக்க வேண்டும்.